ஒலிப்பதிவில் உயர்வு தாழ்வு

சென்ற மாதம் திருவெள்ளறையில் ஒரு தோழர் வீட்டுத் திருமணத்திற்கு நாம் போயிருந்தோம். திருச்சியிலிருந்து கொள்ளிடத்தைத் தாண்டி, மண்ணச்சநல்லூர் வழியாகத் துறையூருக்குப் போகும் சாலையில் இருக்கிற ஊர் அது. ஓமம், புரோகிதம் என்கிற தொல்லைகள் இல்லாத திருமணமாதலால் நேரம் நிறைய மிச்சமாயிற்று. மிச்சமான நேரத்தைப் பாட்டுப்பெட்டி எடுத்துக்கொண்டது. மாப்பிள்ளையின் தம்பி தம் கைப்பேசியை ஒலிபெருக்கியோடு இணைத்து, நாலு விதமான இசையை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டார்.

முதலில் ஒரு சினிமாப் பாட்டு. அதில் வாத்தியங்களை விரல்விட்டு எண்ணலாம், அவ்வளவு தெளிவு. அடுத்தது ஒரு சபா கச்சேரி. பாடகர் குரல் நன்றாயிருந்தது; மிருதங்கத்தின் தொப்பி மட்டும் எங்கோ பக்கத்து வீட்டில் கதவைத் தட்டுவதுபோல் கேட்டது. மூன்றாவது நாயனம். தகரத்தை ஆணியால் கீறுகிற சத்தம் அதனோடு ஒட்டிக்கொண்டே வந்தது. கடைசியாகப் பறை. அதைப் பறை என்று சொன்னால்தான் தெரியும். ஓட்டை டப்பாவில் சரளைக்கல்லைப் போட்டுக் குலுக்கியதுபோல் இருந்ததேயல்லாமல் அடியும் தெரியவில்லை, ஓசையும் தெரியவில்லை.

பந்தலில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், "அதை நிறுத்தப்பா. அந்த வாத்தியமே அப்படித்தான். சங்கீதமாக இருந்தால்தானே மெஷினில் ஏறும்?" என்றார். தம்பியும் நிறுத்திவிட்டார்.

மாலையில் ஊர்வலத்திற்காக ஆறு பறைக் கலைஞர்கள் வந்தார்கள். தெருவோரம் வைக்கோலைக் கொளுத்தி, தோலைக் காய்ச்சி, விறைப்புப் பார்த்துக்கொண்டு அடிக்க ஆரம்பித்தார்கள். காலையில் பேசிய அதே பெரியவர் தெரு முனைவரை அவர்கள் கூடவே நடந்தார். அவர் கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டே போனதை நாம் பார்த்தோம். காலையில் மெஷினில் ஏறாத சங்கீதம் மாலையில் தங்கள் காதில் எப்படி ஏறிற்று அய்யா என்று அவரை நாம் கேட்கவில்லை. கல்யாண வீட்டில் வழக்காடுவது மரியாதையல்ல. ஆனால் இந்தப் பக்கங்களில் கேட்கலாம் அல்லவா?

பெரியவர் ஒருவரைக் குறை சொல்லுவதற்காக இதை நாம் எழுதவில்லை. மோசமாகப் பதிவானதைக் கேட்டுவிட்டு இசையே மோசம் என்று முடிவு கட்டுகிற வழக்கம், கிராமபோன் இந்த நாட்டுக்கு வந்த காலந்தொட்டு இருந்து வருகிறது. ஒருவனைக் கிணற்றில் தண்ணீர் எடுக்கவிடாமல் தடுத்துவிட்டு, அவன் அழுக்காயிருக்கிறான், ஆகையால் கிணற்றுக்கு வரக்கூடாது என்று சொன்ன நியாயத்திற்கும் இதற்கும் அதிக தூரமில்லை. அன்றியும் இதில் வயிற்றுப்பாடும் இருக்கிறது. இன்று ஒரு குழுவை விழாவுக்கு அழைக்கிறவர்கள் நேரில் வந்து கேட்பதில்லை. பதிவை அனுப்பு, கேட்டுச் சொல்லுகிறோம் என்கிறார்கள். அனுப்புகிற பதிவு ஓட்டை டப்பாவாக இருந்தால், ஐம்பது வருஷம் அடித்த கையும் ஓட்டை டப்பாவாகவே மதிக்கப்படுகிறது.

ஆகவே, ஒரு வகை இசை நன்றாகப் பதிவாவதும் இன்னொரு வகை கெட்டுப்போவதும் எதனால் என்று பார்ப்போம். தெய்வீக நாதம் ஏறும், மற்றது ஏறாது என்கிற பேச்சை முதலிலேயே தள்ளிவிடலாம். யந்திரத்திற்குத் தெய்வமும் தெரியாது, சாதியும் தெரியாது. அதற்குத் தெரிந்தது காற்றின் அதிர்வு ஒன்றுதான்.

எடிசன் 1877இல் ஒலியைப் பிடித்து வைக்கும் யந்திரத்தைச் செய்தார். 1902 நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடியதைக் கிராமபோன் கம்பெனியார் பதிவு செய்தார்கள். அந்தக் காலத்தில் பதிவுக்கு மின்சாரம் கிடையாது, மைக்கும் கிடையாது. ஒரு பெரிய புனலின் வாயில் பாட வேண்டும். அந்தக் காற்றின் அதிர்வே ஒரு தகட்டை அசைத்து, தகட்டோடு சேர்ந்த ஊசி மெழுகில் கோடு கீறும். மனிதக் காது வினாடிக்கு 20 அதிர்விலிருந்து 20,000 அதிர்வு வரை கேட்கக்கூடியது. புனலோ ஏறக்குறைய 200இலிருந்து 2,500 வரைதான் பிடிக்கும். இந்தச் சின்னச் சந்துக்குள் நுழைகிற ஓசை பிழைத்தது. நுழையாதது செத்தது.

எது நுழைந்தது? ஓங்கிப் பாடுகிற ஒற்றைக் குரல் நுழைந்தது. எது நுழையவில்லை? தம்புராவின் மெல்லிய ரீங்காரமும், மிருதங்கத்தின் தொப்பியும், பெரிய முரசுகளும் நுழையவில்லை. பிடிலின் ஓசை போதவில்லையென்று மேல்நாட்டார் பிடிலுக்கே ஓர் உலோகப் புனலைப் பொருத்தி ஸ்ட்ரோ பிடில் என்று ஒன்றைச் செய்தார்கள். அமெரிக்காவில் ஜாஸ் இசைக்காரர்கள் பதிவறைக்குப் போகும்போது பெரிய முரசை விட்டுவிட்டு மரக்கட்டையைத் தட்டினார்கள். முரசடித்தால் ஊசி மெழுகிலிருந்து துள்ளிவிடுமாம். பிற்காலத்தார் அந்தத் தட்டுகளைக் கேட்டுவிட்டு, ஆரம்பகால ஜாஸில் முரசே இல்லை என்று எண்ணினால் அது எவ்வளவு பெரிய ஏமாற்றம்!

1925இல் மைக்கும் மின்சாரமும் பதிவறைக்குள் வந்தன. சந்து அகலமாயிற்று. நம் நாட்டில் அதனால் முதலில் லாபமடைந்தவர்கள் நாடகமேடைப் பாடகர்களே. எஸ். ஜி. கிட்டப்பா, கே. பி. சுந்தராம்பாள் ஆகியோருடைய குரல்கள், ஒலிபெருக்கியில்லாத கொட்டகையில் கடைசித் தரை டிக்கெட்காரனுக்கும் கேட்கும்படி பழகிய குரல்கள். தவிரவும், பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் சுமார் 3 நிமிஷந்தான் ஓடும். நாடகப் பாட்டு அந்த 3 நிமிஷத்திற்குள் அடங்கிவிடும். தெருவில் நின்று மணிக்கணக்காக ஒரு ராகத்தை விரிக்கிற நாயனக்காரர் என்ன செய்வார்? திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி தட்டில் வந்து புகழடைந்தது உண்மைதான். ஆனால் தட்டில் இருப்பது நிமிஷக் கணக்கில் வாசித்த தோடி. அவர் விடிய விடிய வாசித்ததைக் கேட்டவர்கள், தட்டைக் கேட்டவர்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டதில் வியப்பில்லை.

இது நிற்க. திருச்சி வானொலி நிலையம் 1939 மே 16இல் திறக்கப்பட்டது. அதே 1939இல் அமெரிக்காவில் ஒலியின் அளவைக் காட்டுவதற்கென்று ஒரு முள் கருவியை ஏற்படுத்தினார்கள். வி.யு. மீட்டர் என்று அதற்குப் பெயர். பதிவு செய்கிறவர் அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டே ஒலியைக் கூட்டிக் குறைப்பார். முள் சிவப்புக் கோட்டைத் தாண்டினால் ஒலி உடைகிறதென்று அர்த்தம். நல்ல கருவிதான். ஆனால் அந்த முள் ஓர் ஓசைக்குச் சரியான அளவு காட்ட வினாடியில் பத்தில் மூன்று பங்கு நேரம் எடுத்துக்கொள்ளும். பேச்சுக்கும் பாட்டுக்கும் அது போதும். ஒரு சுரம் அதற்குமேல் நிற்கும். பறையில் சிண்டுக்குச்சி விழுகிற அடியின் உச்சம் எவ்வளவு நேரம் நிற்கும்? வினாடியில் ஆயிரத்தில் சில பங்கு! முள் எழுந்திருப்பதற்குள் அடி வந்து, உச்சிக்குப் போய், இறங்கியும் விடும். முள் பாதியிலேயே சாதுவாக ஆடிக்கொண்டிருக்க, நாடாவில் ஒவ்வொரு அடியின் தலையும் வெட்டுப்பட்டுக்கொண்டிருக்கும். பதிவு செய்தவர் பொய் சொல்லவில்லை. அளவு சரியாகத்தானே இருந்தது என்பார். கூடு மாட்டிய விரலால் அடிக்கிற தவிலுக்கும் இதே கதிதான்.

திருமண வீட்டில் கேட்ட நாலு வகையில் பறை மட்டும் முழுக்க உடைந்ததற்கு இதுவே பெரிய காரணம் என்பது நமது அபிப்பிராயம். பாட்டை அளப்பதற்குப் பழகிய கோலைக் கொண்டு அடியை அளந்தார்கள்.

இப்போதுள்ள கைப்பேசிகள் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டன. பேச்சு நன்றாகக் கேட்க வேண்டுமென்பதற்காக அவற்றில் இரண்டு ஏற்பாடுகள் வைத்திருக்கிறார்கள். ஒன்று, பெரிய சத்தம் வந்தால் தானாகவே அமுக்கி, சின்னச் சத்தம் வந்தால் தானாகவே தூக்குவது. பறையின் முதல் அடி விழுந்ததும் யந்திரம் பயந்து எல்லாவற்றையும் அமுக்கும், உடனே தூக்கும், மறுபடி அமுக்கும். கேட்கிறவனுக்குக் கப்பலில் போகிற மாதிரி இருக்கும். இரண்டாவது, மாறாமல் நின்று ஒலிக்கிற சத்தத்தை மின்விசிறிச் சத்தம் என்று எண்ணித் துடைத்துவிடுவது. ஒத்து என்ன செய்கிறது? மாறாமல் நின்று ஒலிக்கிறது. தம்புரா என்ன செய்கிறது? அதுவும் அப்படியே. ஆகவே நாயனத்திற்கு அடிநிலமாக இருக்கிற சுருதியைக் குப்பையென்று கூட்டித் தள்ளிவிட்டு மிச்சத்தை நமக்குத் தருகிறது. நாயனம் ஆணியால் கீறியதுபோல் இருந்ததில் என்ன ஆச்சரியம்?

இங்கே ஒரு தோழர் குறுக்கிடலாம். "அப்படியானால் இது யந்திர சமாச்சாரம்தானே? பௌதிகத்தின் மேல் கோபித்து என்ன பயன்? சில வாத்தியங்கள் பதிவுக்குக் கஷ்டமானவை, அவ்வளவுதானே?" என்பார். கஷ்டம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். முடியாது என்பதை ஒப்புக்கொள்ள முடியாது. ருஷ்ய நாட்டுச் சைகோவ்ஸ்கி எழுதிய 1812 என்கிற வாத்தியக் கோவையில் பீரங்கி வெடிக்க வேண்டும். 1970களின் கடைசியில் டெலார்க் என்கிற அமெரிக்கக் கம்பெனியார் நிஜமான பீரங்கியையே வெடித்துப் பதிவு செய்து, ஒலிபெருக்கிகள் கெட்டுவிடக்கூடும் என்று எச்சரிக்கையும் போட்டுத் தட்டை விற்றார்கள். பீரங்கி ஏறுகிற மெஷினில் பறை ஏறாதா? அங்கே பீரங்கிக்கென்று உட்கார்ந்து யோசித்தார்கள், செலவு செய்தார்கள். இங்கே யோசிக்கவுமில்லை, செலவு செய்யவுமில்லை. வித்தியாசம் வெடிமருந்தில் இல்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் சினிமாக்காரரையே பார்ப்போம். 1962இல் வந்த கொஞ்சும் சலங்கையில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாயனமும் எஸ். ஜானகியின் குரலும் ஒன்றையொன்று அழிக்காமல் கேட்கின்றன. 1968இல் வந்த தில்லானா மோகனாம்பாளில் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் நாயனத்தில் எந்தத் தகரச் சத்தமும் இல்லை. இத்தனைக்கும் அந்தக் காலத்துக் கருவிகள் இன்று ஒரு மாணவன் வைத்திருக்கிற கருவிகளைவிட யோக்கியதையில் குறைந்தவை. வாத்தியம் அதே வாத்தியம். ஆனால் அங்கே முதலாளி பணம் போட்டிருந்தார். ஒத்திகை இருந்தது, பெரிய கூடம் இருந்தது, நன்றாயில்லையென்றால் மறுபடி எடு என்று சொல்ல ஒருவர் இருந்தார். இளையராஜா 40 ஆண்டுகளுக்குமேல் பிரசாத் ஸ்டூடியோவில் ஒரே இடத்தில் வேலை செய்தார். எந்த மூலையில் எந்த வாத்தியம் எப்படிக் கேட்குமென்பது அந்தச் சுவருக்கே தெரிந்திருக்கும். 1992இல் ரோஜா வந்தபோது ஏ. ஆர். ரஹ்மானுக்கு வீட்டோடு சேர்ந்த சொந்தப் பதிவறை இருந்தது. நேரத்திற்கு வாடகை கொடுக்க வேண்டாதவனுக்குப் பொறுமை சுலபம்.

கிராமத்துப் பாட்டுக்கு இப்படி எந்த வசதியும் கிடைக்கவில்லை. 1980களில் கேசட் வந்து, கம்பெனிக்காரர் தயவில்லாமல் எவரும் பாட்டை வெளியிடலாம் என்று ஆயிற்று. அது பெரிய நன்மை. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஒரு பகலுக்குள் முழுக் கேசட்டையும் பாடி முடிக்க வேண்டும், மலிவான நாடா, ஒன்றைப் பலவாக்கும்போது வேகத்தைக் கூட்டி ஓட்டுவார்கள், அதில் மேல் ஓசையெல்லாம் மழுங்கும். கே. ஏ. குணசேகரனும் அவரைப் போன்ற தோழர்களும் மேடையில் பாடியதைக் கேட்டவர்களுக்கும், பத்தாவது பிரதிக் கேசட்டில் கேட்டவர்களுக்கும் நினைவிலிருப்பது ஒரே குரலாக இருக்க முடியாது.

இந்தக் கதை நம் ஊருக்கு மட்டும் சொந்தமென்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் பாரமவுண்ட் என்று ஓர் இசைத்தட்டுக் கம்பெனி இருந்தது. அது விஸ்கான்சின் மாகாணத்தில் நாற்காலி செய்கிற கம்பெனியின் கிளை. கறுப்பு மக்களுக்கென்று தனி வரிசை போட்டு, 1920களில் சார்லி பாட்டன் போன்ற பெரிய ப்ளூஸ் பாடகர்களை அது பதிவு செய்தது. தட்டு வார்க்கிற அரக்குக் கலவையோ மட்டமானது. இன்று அந்தத் தட்டுகளைப் போட்டால் மழை பெய்கிற சத்தத்திற்கு நடுவே ஒரு மனிதன் பாடுவது கேட்கிறது. அதே காலத்தில் அதே நாட்டில் இத்தாலிய ஓபரா பாடகர்களின் தட்டுக்குச் சிவப்பு முத்திரை, நல்ல கலவை, அதிக விலை. ப்ளூஸ் இசையிலா மழை பெய்தது? வாங்குகிறவன் ஏழை, பாடுகிறவன் கறுப்பன், அவனுக்கு இது போதும் என்று எண்ணியவனின் மூளையில் பெய்தது.

நியாயத்திற்கு இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். கரகரவென்று இருக்கிற பதிவெல்லாம் அநீதியின் பலனென்று சொல்லுவதற்கில்லை. மேல்நாட்டு பங்க் இசைக்காரர்கள் உடைந்த சத்தமே வேண்டுமென்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அது அவர்கள் ருசி. பணமிருக்கிற இடத்தில் பதிவு கெடாதென்பதும் இல்லை. இப்போது வருகிற சினிமாப் பாட்டுகளில் பல, மற்றதைவிட உரக்கக் கேட்க வேண்டுமென்கிற போட்டியில் மெல்லோசையையும் வல்லோசையையும் ஒரே உயரத்திற்கு நசுக்கி, மூச்சுவிட இடமில்லாமல் வருகின்றன. சபா சங்கீதத்திற்கும் எல்லாக் காலத்திலும் யோகம் அடிக்கவில்லை. பெரிய வித்துவான்களின் 1950, 1960களின் கச்சேரிகள் பல, ஆர்வலர்கள் மடியில் வைத்துப் பிடித்த நாடாக்களில்தான், பக்கத்து நாற்காலிக்காரர் இருமலோடு சேர்ந்து, பிழைத்திருக்கின்றன. தெய்வீக சங்கீதத்தையும் இருமல் விட்டுவைக்கவில்லை.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. சபாக் கச்சேரி மோசமாகப் பதிவானால், பதிவு மோசம் என்கிறார்கள். பறை மோசமாகப் பதிவானால், பறை மோசம் என்கிறார்கள். நமது சண்டை இந்த இடத்தில்தான்.

யந்திரத்திற்கு முன்னால் ஒரு மனிதன் உட்கார்ந்திருக்கிறான் என்பதை மறந்துவிடக்கூடாது. 1940 மார்ச்சில் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தன் நிலையங்களிலிருந்து விலக்கிற்று. சுமார் 30 வருஷம் அந்தத் தடை நீடித்தது. மைக்கில் ஆர்மோனியம் ஏறவில்லையா? நன்றாகவே ஏறும். அதன் சுரங்கள் நம் சங்கீதத்திற்கு ஒவ்வாதென்று மேலே இருந்தவர்கள் முடிவு செய்தார்கள். அந்த முடிவு சரியா தப்பா என்பது வேறு விவாதம். முடிவு யந்திரத்தில் பிறக்கவில்லை, மேசைக்குப் பின்னால் பிறந்தது என்பதைத்தான் சொல்லுகிறோம். அதுபோலவே, தெருவில் நின்று ஒரு நாளும் பறை கேட்டிராத ஒருவர் கண்ணாடி அறையில் உட்கார்ந்துகொண்டு, பாடகர் வாய்க்குமுன் வைக்கிற மாதிரியே மைக்கைத் தோலுக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்தால், அவருக்குப் படிப்பும் சம்பளமும் எவ்வளவு இருந்தும் என்ன பயன்? பறை திறந்த வெளிக்குப் பிறந்த வாத்தியம். பத்தடி தள்ளி நின்றால்தான் அதன் அடியும் கார்வையும் ஒன்று சேரும். இது அடிக்கிறவனுக்குத் தெரியும். அவனை ஒருவரும் கேட்பதில்லை.

திருமணத்திற்கு மறுநாள் காலையில் திருவெள்ளறைக் கோயிலுக்கு வெளியே இருக்கிற ஸ்வஸ்திக வடிவக் கிணற்றைப் பார்க்கப் போனோம். பல்லவன் தந்திவர்மன் காலத்தில், 1,200 ஆண்டுகளுக்குமுன் வெட்டியது. மார்ப்பிடுகு பெருங்கிணறு என்று அதற்குப் பெயர். ஆலம்பாக்கத்து விசைய நல்லூழான் தம்பி கம்பன் அரையன் செய்வித்தான் என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். இன்றும் படிக்கலாம், அதுவும் ஒரு பதிவுதான். கல்லை உடைத்தவன், மண்ணைச் சுமந்தவள் பெயர் அதில் இல்லை. ஊர்வலத்தில் அடித்தவர்களில் இளையவர் ஒருவர் நம்மோடு வந்திருந்தார். தம்மிடம் 17 பதிவுகள் இருப்பதாகவும், ஒன்றிலும் அடித்தவர் பெயர் இல்லையென்றும், நாட்டுப்புற மேளம் என்று மட்டும் போட்டிருப்பதாகவும் சொன்னார்.

அவரோடும் மாப்பிள்ளையின் தம்பியோடும் அங்கேயே படியில் உட்கார்ந்து ஒரு ஏற்பாடு செய்தோம். நல்ல கைப்பேசியின் விலையைவிடக் குறைந்த விலைக்கு இன்று 24 பிட் பதிவுக் கருவிகள் கிடைக்கின்றன. அவற்றில் அளவைத் தாழ வைத்து, உச்சியில் 12 டெசிபெல்லாவது காலி விட்டுப் பதிவு செய்தால், அடியின் தலை வெட்டுப்படாது; பிறகு வேண்டிய அளவு தூக்கிக்கொள்ளலாம். திருச்சித் தோழர் ஒருவர் இந்தக் கருவியை இரவல் தர ஒப்புக்கொண்டிருக்கிறார். தானாக அமுக்கித் தூக்குகிற ஏற்பாட்டை அணைத்துவிட வேண்டும். இடம் கண்ணாடி அறையல்ல, ஊருக்கு வெளியே களத்துமேடு. மைக் எங்கே நிற்க வேண்டுமென்பதை அடிக்கிற ஆறு பேரே சொல்லுவார்கள். பதிவு செய்கிறவர் கேட்டுக்கொள்வார். எடுத்ததை அங்கேயே அவர்களுக்குப் போட்டுக் காட்டி, அவர்கள் சரி என்றால்தான் வெளியிடுவது. ஒரு நாள் கூலி தனி. ஆறு பேர் பெயரும் மேலட்டையில் வரும்.

அறுவடை முடிந்து களம் காலியானதும் பதிவு. பெரியவருக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறோம். வருகிறேன், ஆனால் நாற்காலி போட வேண்டும் என்று பதில் வந்திருக்கிறது.